துருவைத் தேய்க்காதீர்கள்

காலைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள் சார். இந்தப் பையை நடுவில் வைக்கிறேன். பார்ப்பதற்கு உரித்த தேங்காய் மாதிரி தெரியும். விரல்மேல் விழுந்தால் விரல் இருக்காது. எனக்கு ஒருமுறை பட்டுவிட்டது, வலது கால், இரண்டாவது விரல். அதைப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே இருப்பது பீரங்கிக் குண்டு. பதறாதீர்கள், வெடிக்கிற வகை இல்லை. கெட்டி இரும்பு. வாசலில் ஒரு பெண் காவலர் பையைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தார். திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்கள் ஆட்சியர் அலுவலக வாசலில் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எல்லாப் பையையும் முகர்கிறார்கள் அல்லவா, அது. வாசனை இல்லை என்றதும் "போங்க பெரியவரே" என்று விட்டுவிட்டார். பீரங்கிக் குண்டைப் பற்றி அவருக்கு உத்தரவு ஏதும் இல்லை.

உங்கள் டோக்கன் என்ன? நூற்றுத் தொண்ணூற்று ஒன்றா? இப்போது நூற்று அறுபத்திரண்டுதான் ஓடுகிறது. என்னுடையது இருநூற்று நாற்பது. அதோ தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறாரே, பச்சைப் புடவை, அவர் பூங்காவனம். என்னோடு வந்தவர். இருநூற்று முப்பத்தொன்பது. நேரம் நிறைய இருக்கிறது. இந்த ஒலிபெருக்கியில் எண் சொல்வது யாருக்கும் புரியாது. நீங்கள் கவலைப்படாமல் உட்காருங்கள், உங்கள் முறை வந்தால் நான் சொல்கிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்துநான்கு வருஷம். துருவோடு வாழ்ந்தவன். கடற்கரைப் பக்கத்துத் துரு ஒரு நிறம், ஏரிக்கரைத் துரு ஒரு நிறம், ரயில் கழிவறைக்கு அடியில் வரும் தண்டவாளத்தின் துரு ஒரு நிறம். கண்ணைக் கட்டிவிட்டு நாக்கில் தடவினால்கூடச் சொல்லிவிடுவேன். தடவ வேண்டாம், அந்த மூன்றாவதை.

ஓய்வு பெற்ற பிறகு சரித்திரம் படித்தேன். கர்நாடகப் போர்கள், ஹைதர் அலி, கம்பெனிப் பட்டாளம், இந்தப் பக்கமெல்லாம் அவர்கள் மாறி மாறி மிதித்த மண்தானே. ஒரு கம்பெனி அதிகாரியின் நாட்குறிப்பில் ஒரு வரி: பின்வரிசைப் படை ஒரு பெரிய ஏரிக்கு வடக்கே, பனைமரங்களுக்கு அருகில் தாக்கப்பட்டது. அவ்வளவுதான். ஏரிக்கு வடக்கே பனை இருக்கிற ஊர் இந்த ஜில்லாவில் நானூறு இருக்கும் என்று என் தம்பி கிண்டல் செய்தான். நானூறு இருக்கட்டும். அதில் எத்தனை ஊருக்கு ஒருவன் உலோகம் தேடும் கருவியோடு போயிருக்கிறான்? செங்கழனிக்கு நான் போனேன்.

கருவி பழையது. கடற்கரையில் அலையடிக்கிற இடத்தில் தொலைந்த தோடும் சங்கிலியும் தேடிப் பிழைத்த ஒருவரிடம் வாங்கினேன். இரும்பு வந்தால் அது தொண்டை கட்டினவன் இருமுவது மாதிரி ஒரு சத்தம் போடும். எல்லோரும் அந்தச் சத்தத்தை அடைத்துவைத்துவிட்டுத் தங்கம் தேடுவார்கள். நான் அந்த இருமலை மட்டும் கேட்கிறவன். அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, தெரியும். நான் முழங்கை ஆழத்துக்கு மேல் தோண்டவில்லை. களை எடுக்கிறவர்களும் அவ்வளவு தோண்டுகிறார்கள்.

பூங்காவனத்துக்கு அங்கே ஒரு ஏக்கர் நாற்பது சென்ட். வேர்க்கடலை போடுவார். புருஷன் இல்லை. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அந்த நிலமும், நாலு ஆடும், ஒரு கிணறும், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற கன்னியப்பன் என்ற கொழுந்தனாரும்தான் அவருக்கு. வைகாசியில் கடலை பிடுங்கி நிலம் சும்மா கிடந்தபோது போய்க் கேட்டேன். "தோண்டுங்க ரயில்வே ஐயா, ஆனா பள்ளத்த மூடிட்டுப் போவணும். ஆடு கால ஒடிச்சிக்கும்" என்றார். ஒரு பள்ளத்தைக்கூட நான் மூடாமல் வந்ததில்லை. இதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இப்போது அந்த ஊரில் என்னைப் பற்றி வேறு மாதிரி பேசுகிறார்கள்.

இரும்பைக் கண்டெடுப்பது சுலபம் சார், அடையாளம் காண்பதுதான் வித்தை. இருநூறு வருஷம் மண்ணில் கிடந்தால் எல்லாம் ஒரே பழுப்புக் கட்டி. உள்ளே துப்பாக்கியின் விசை இருக்கலாம், வண்டியின் கடையாணி இருக்கலாம். லாடம் கிடைத்தால் குதிரையா மாடா என்று பார்க்கவேண்டும். குதிரைக்குக் குளம்பு ஒன்று, லாடமும் ஒற்றை வளைவு. மாட்டுக்குக் குளம்பு பிளந்தது, அதனால் ஒரு காலுக்கு இரண்டு பிறை. எனக்குக் கிடைத்தது முப்பத்தேழு. முப்பத்தேழும் பிறை. ஆனால் யோசியுங்கள்: படை என்றால் சாமான் வண்டி, சாமான் வண்டி என்றால் ஆயிரக்கணக்கில் மாடு. ஆகவே மாட்டு லாடம் இவ்வளவு கிடைப்பதே படை வந்ததற்குச் சான்று. "எங்க வூட்டு மாட்டுக்கும் லாடம் அடிச்சிருக்கோமே ஐயா" என்றார் பூங்காவனம். அதையும் குறித்துக்கொண்டேன். நான் நியாயமானவன்.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ அவர் ஆட்டுப்பட்டியிலிருந்து ஓர் இரும்புக் குண்டைக் கொண்டுவந்தார், இரண்டு கையாலும் வயிற்றில் அணைத்துக்கொண்டு. பட்டிக் கதவு காற்றில் திறந்துகொள்ளாமல் முட்டுக்கொடுத்து வைத்திருந்தது. "இரும்புதான் தேடறீங்கன்னாங்க. இது ஆவுமா பாருங்க. நாங்க கெணறு வெட்டும்போது—" என்று ஆரம்பித்தார். நான் சிரித்துவிட்டேன். இந்தத் துறையில் எல்லோரும் செய்கிற முதல் தவறு அது. உருண்டையாக இருப்பதெல்லாம் பீரங்கிக் குண்டு என்று நினைப்பது. சிமெண்டு ஆலையில் கல்லை அரைக்கிற உருளைக்குள் இதே மாதிரி குண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். லாரியிலிருந்து விழும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எறிகிற குண்டு ஒன்று இருக்கிறது. இதையெல்லாம் ஓர் அரைமணி நேரம் அவருக்கு விளக்கினேன். பாவம், குண்டைக் கீழே வைக்காமலே நின்று கேட்டார். தவிர எனக்கு ஒரு விதி உண்டு: கருவி காட்டாதது கண்டெடுப்பு ஆகாது. கதவுக்கு வைத்த முட்டுக்கட்டையையெல்லாம் பதிவேட்டில் ஏற்றினால் அது பதிவேடா?

என்ன, எழுந்திருக்கிறீர்கள்? தண்ணீரா? அந்தக் குழாயில் வராது. உட்காருங்கள், முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஆனி மாதம் ஒரு காலை, நிலத்தின் வடகிழக்கு மூலையில் கருவி இருமிய இருமலில் என் காது அடைத்துவிட்டது. தோண்டினேன். குழாய்கள். ஏழு. ஒரு சாண் நீளம், கைப்பிடிக் கனம், ஒரு முனை மூடியது, ஒரு முனை திறந்தது, மூடிய முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை. ஏழும் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகப் படுத்திருந்தன. சார், மைசூர்ப் படையின் ராக்கெட் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். இரும்புக் குழாய்க்குள் மருந்து கெட்டித்து மூங்கிலில் கட்டி விடுவார்கள். கம்பெனிக் குதிரைகள் மிரண்டு ஓடும். அந்தத் துளை மூங்கிலைக் கட்டுவதற்கு என்று கண்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டேன். குழாயின் சுவர் நான் படித்ததைவிடத் தடிமனாக இருந்தது, உண்மை. அதை அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன். அவற்றுக்கு அடியில் ஒரு காசும் கிடந்தது, 1962-ஆம் வருஷத்து இரண்டு நயா பைசா. பிற்காலக் கலப்பு. ஏர் ஓட்டும்போது யார் மடியிலிருந்தாவது விழுந்து கீழே போயிருக்கும்.

நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஊரே கூடிவிட்டது. கன்னியப்பன் பட்டறையிலிருந்து ஓடிவந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஐயா, இது வந்து..." என்றார். நான் அவருக்கு ராக்கெட்டின் அமைப்பை விளக்கினேன். முடித்ததும் மறுபடி, "அது சரிங்க ஐயா, இது எங்க அப்பாரு..." என்றார். இந்த நாட்டில் யார் எதைக் கண்டுபிடித்தாலும் எங்கள் அப்பா முன்பே பார்த்தார் என்று ஒருவர் வருவார். அவரை உட்காரவைத்து மற்ற போர்க்களங்களைப் பற்றியும் சொன்னேன். மூன்றாவது தடவை அவர் வாயைத் திறந்தபோது பூங்காவனம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். மரியாதை தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் நோட்டீஸ் வந்தது. தொழிற்பூங்கா. செங்கழனியில் நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர், அறுபத்துமூன்று குடும்பம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பூங்காவனத்தின் ஒரு ஏக்கர் நாற்பதும் அதில், கிணற்றோடு. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு தாளில் 'என் நிலத்தைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுக்கப் போனார்கள். நான் எழுந்தேன்.

என்ன சொன்னேன் தெரியுமா? அறுபத்துமூன்று துண்டுக் காகிதத்தை அவர்கள் குப்பையில் போடுவார்கள். கண்ணீருக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. ஆனால் சான்று இருக்கிறது. இது இருநூற்று நாற்பது வருஷத்துப் போர்க்களம். தொல்லியல் துறை ஒருமுறை பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை நட்டுவிட்டால் எந்தத் தொழிற்பூங்காவும் கிட்டே வரமுடியாது. ஒரே மனு, ஒரே குரல். ஆளுக்கொரு பிழையோடு எழுதி வழக்கைக் கெடுக்காதீர்கள். நான் எழுதுகிறேன். யாரும் எதுவும் செய்யவேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

கை தட்டினார்கள் சார். ரயில்வேயில் முப்பத்துநான்கு வருஷத்தில் எனக்கு யாரும் கை தட்டியதில்லை.

பூங்காவனம் மட்டும் கூட்டம் கலைந்ததும் வந்து, "மெய்யாலுமே நெலம் நிக்குமா ஐயா?" என்றார்.

"இரும்பு பொய் சொல்லாது அம்மா" என்றேன்.

"இரும்பு சொல்லாதுங்க" என்றார் அவர். அந்த வாக்கியத்தில் அழுத்தம் எங்கே விழுந்தது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மனு அறுபத்துநான்கு பக்கம் வந்தது. நூற்றுப் பதினெட்டு அடிக்குறிப்பு. ஏழு குழாய்க்கும் அளவு, எடை, படம். லாடங்களுக்குத் தனி அட்டவணை. ஒரு மேற்கோளின் பக்க எண்ணைச் சரிபார்க்கச் சென்னைக்கு இரண்டு முறை போய்வந்தேன். பக்க எண் தவறாக இருந்தால் யார் மதிப்பார்கள்? நாற்பத்தோராவது நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. தேதியைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார், 'காலம் கடந்தது' என்று ஒரு முத்திரையைக் குத்தினார். அப்படி ஒரு முத்திரை ரப்பரில் செய்து தயாராக வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அறுபத்துநான்கு பக்கத்துக்கு அதுதான் மறுமொழி.

டீக்கடை நவநீதம் என்று ஒருவர். என் பேச்சைக் கேட்காமல் முதல் வாரமே ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். நான் பார்த்தேன் அதை, 'ஆட்சேபனை' என்பதையே சரியாக எழுதவில்லை. அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் நிலத்தை விட்டுவிட்டார்கள். ஓரத்தில் இருக்கிற நிலம், அதனால் விட்டிருக்கலாம். நான் அதைத் தற்செயல் என்று வகைப்படுத்துகிறேன். ஊரில் வேறு விதமாக வகைப்படுத்துகிறார்கள்.

ஒரு நிமிஷம் சார், முடித்துவிடுகிறேன். கையைத் தூக்காதீர்கள், ஏதாவது கேட்பதாக இருந்தால் கடைசியில் கேளுங்கள், கோர்வை விட்டுப்போகும்.

காலம் கடந்தால் என்ன? சரித்திரத்துக்குக் காலக்கெடு கிடையாது. தொல்லியல் துறைக்கு நேரடியாக எழுதினேன். பார்வையிட வருகிறோம் என்று பதில் வந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள். ஊருக்கே உயிர் வந்தது. நான் ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்தேன், பள்ளிக்கூடச் சுவரில் கரியால்கூட எழுதி வைத்தேன்: துருவைத் தேய்க்காதீர்கள். துருதான் வயது, துருதான் சாட்சி. குழாய்களைப் பூங்காவனத்தின் வீட்டில் சாக்கு விரித்துப் பத்திரமாக வைத்துவிட்டு, தம்பி பேத்தியின் காதுகுத்துக்காக மூன்று நாள் ஊருக்குப் போனேன்.

மூன்றே நாள்.

திரும்பி வந்தால் ஏழு குழாயும் மனைப்பலகை மேல் வரிசையாக நிற்கின்றன, சந்தனப் பொட்டு, குங்குமம், ஆளுக்கொரு துண்டு செவ்வந்திச் சரம். பளபளவென்று. ஆயுத பூஜை அல்லவா? கலப்பை, மண்வெட்டி, கன்னியப்பனின் வெல்டிங் மெஷின், நவநீதத்தின் பாய்லர், எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கிற நாளில், ஊரைக் காப்பாற்றப் போகிற இரும்பை மட்டும் அழுக்காக விட்டுவைக்க மனசு வரவில்லையாம். புளி போட்டு, செங்கல்தூள் போட்டு, கடைசியில் கன்னியப்பன் பட்டறை மெஷினில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்திருக்கிறார். நான் நாற்காலி தேடி உட்கார்ந்துவிட்டேன். "சுவரில் எழுதியிருந்தேனே அம்மா!" என்றேன்.

"எழுதனது நீங்க. பூசை சாமிக்குங்களே" என்றார் பூங்காவனம்.

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. இளம் பெண் அதிகாரி. அமைதியானவர். என் அறுபத்துநான்கு பக்கத்தையும் படித்துவிட்டு வந்திருந்தார், அதற்காக அவரை நான் என்றும் மதிப்பேன். ஒரு குழாயைக் கையில் எடுத்தார். பூவை விலக்கினார். வெளிச்சத்தில் திருப்பினார். எழுத்து. உளியால் கொத்தின எழுத்து. அவர் வாய்விட்டுப் படித்தார்: "திரௌபதி அம்மன் துணை. உபயம், கா. எத்திராஜு. 1957."

இந்த ஜனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சம் வராத அளவுக்கு அதன்மேல் பெயர் எழுதுகிறவர்கள். அதிர்வேட்டுக் குழாய் கொடுத்தால் சும்மா விடுவார்களா? ஆமாம் சார், அதிர்வேட்டு. திருவிழாவில் மருந்து கெட்டித்துத் திரி வைத்து வெடிப்பார்களே, அந்தக் குழாய். துளை திரிக்கு.

"எங்க மாமனாருங்க" என்றார் பூங்காவனம் அந்த அதிகாரியிடம். "அவருதான் வேட்டு போடுவாரு. அறுவத்திரெண்டுல ஒண்ணு கையிலயே வெடிச்சி ரெண்டு வெரலு போயிடுச்சி. சாமி குத்தம்னு ஏழையும் காணிக்க வச்சிப் பொதச்சிட்டாங்க."

அதிகாரி குழாயைப் பழையபடி பலகைமேல் வைத்து, பூவையும் சரிசெய்தார். "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார். என்னிடம், "ரொம்ப உழைச்சிருக்கீங்க சார்" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம். பார்வையிட்டதில் தொல்பொருள் எதுவும் இல்லை என்று அறிக்கை. கோப்பு மூடப்பட்டது.

நான் கன்னியப்பனைப் பிடித்துக்கொண்டேன். "முதல் நாளே உங்களுக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லவில்லை?"

"சொல்ல வந்தேனுங்க. மூணு தபா வந்தேன். நீங்க பேசிகினு இருந்தீங்க."

"மற்றவர்கள்?"

அவர் பூங்காவனத்தைப் பார்த்தார். பூங்காவனம் தரையைப் பார்த்தார். "ஊருக்கே தெரியுங்க ஐயா. ஆனா நீங்க இவ்ளோ படிச்சவரு. நீங்களே ராக்கெட்டுன்னு சொல்லும்போது, வர்ற ஆபீசரும் அப்டியே சொல்லிடுவாங்களோன்னு ஒரு ஆச. நான்தான் இவர வாய மூடச் சொன்னேன்."

இப்போது நீங்களே சொல்லுங்கள். தவறு எங்கே நடந்தது? தேய்த்ததில். தேய்க்காமல் விட்டிருந்தால் எழுத்து வெளியே வந்திருக்காது, விவாதத்துக்கு இடம் இருந்திருக்கும். இதை எத்தனை தடவை யோசித்தாலும் நான் இதே முடிவுக்குத்தான் வருகிறேன்.

இனி விரலுக்கு வருகிறேன். அன்று மாலையே கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று ஆட்டுப்பட்டிக்குப் போனேன், அங்கேதான் அதை மாட்டி வைத்திருந்தேன். கோபத்தில் கதவைத் தள்ளினேன். குண்டு உருண்டு வந்து காலில் விழுந்தது. வலியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவன் மடியில் அந்தக் குண்டு. வேறு வேலை இல்லாததால் அதைத் தடவிப் பார்த்தேன். சுற்றிலும் மெல்லிய ஒரு வரம்பு. இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த இடம். ஒரு பக்கம் காசு அகலத்துக்கு ஒரு தழும்பு. உருக்கிய இரும்பை ஊற்றின வாய். ஆலைக் குண்டுக்கு இது இரண்டும் இருக்காது சார். நவநீதம் கடைத் தராசில் வைத்தேன்: நாலு கிலோவுக்கு நாற்பது கிராம் குறைவு. குறுக்களவு பத்து சென்டிமீட்டருக்கு ஒரு நூல் அதிகம். துரு தின்றது போக, ஒன்பது பவுண்டு பீரங்கியின் குண்டு. சந்தேகமே இல்லை. என் வாழ்நாளில் நான் தொட்ட ஒரே போர்க்கள இரும்பு.

"இது எங்கே கிடைத்தது அம்மா?"

"கெணறு வெட்டும்போதுங்க. இடுப்பளவு ஆழத்துல. இதுகூட இன்னும் ரெண்டு கெடந்துச்சி. கனமா இருக்குதேன்னு அங்கயே வுட்டுட்டோம். மொதல்லயே எடுத்தாந்தனே."

எடுத்துவந்தார். ஒத்துக்கொள்கிறேன். இது என் பக்கம் ஒரு சிறிய குறைபாடு. ஆனால் கவனியுங்கள், அவர் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தால் வரம்பு எப்படித் தெரியும்?

அதிகாரிக்கு மறுபடி எழுதினேன். கிணற்றடியில் மற்ற இரண்டையும் காட்டமுடியுமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கடிதம் வந்த வாரம் கிணற்றை மூடிவிட்டார்கள். பெரிய இயந்திரம், அரைநாள் வேலை. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கருவியைக் கையில் வைத்திருந்தேன். அவ்வளவு இரும்பு ஓடும் இடத்தில் அது இருமிக்கொண்டே இருந்தது, நிறுத்திவிட்டேன். இப்போது அங்கே புல் வளர்க்கிறார்கள். தண்ணீர் லாரியில் வருகிறது. கிணற்றை மூடிவிட்டு லாரியில் தண்ணீர்.

பூங்காவனம் ஆடுகளை விற்றுவிட்டார். மேய்க்க இடமில்லை. கதவுக்கு முட்டு தேவையில்லை என்றுதான் குண்டை என்னிடம் கொடுத்தார். என்னிடம் இருப்பது இப்போது இதுவும் ஒரு மனுவும். கோப்பைத் திறக்கவேண்டும், புல்தரையில் ஒரே ஒரு குழி போட அனுமதிக்கவேண்டும். இந்த முறை இருபத்திரண்டே பக்கம். கட்டுப்பாடு.

பூங்காவனத்தின் மனு வேறு. வேலிக்குள்ளே தோட்ட வேலை, இல்லாவிட்டால் கூட்டிப் பெருக்குகிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று. அவர் நிலத்திலேயே. நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். "வேணாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் மனு எழுதுகிறவர் இருக்கிறார் பாருங்கள், அவரிடம் போனார். ஐந்து நிமிஷத்தில் நாலு வரி. நான் வாங்கிப் படித்தேன். அதில் போரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, என் கதை இவ்வளவுதான். உங்களைப் பற்றிக் கேட்கவே இல்லை பாருங்கள். எக்ஸ்ரே உறையை மடியில் வைத்திருக்கிறீர்கள், உதவித்தொகையாக இருக்கும் என்று நானே... என்ன? இப்போது என்ன எண் ஓடுகிறது? இருநூற்றுப் பத்தா? எப்படி? அந்த எண் பலகை சரியாகத்தான் ஓடுகிறதா? அம்மா! பூங்காவனம்! நூற்றுத் தொண்ணூற்று ஒன்று கூப்பிட்டார்களா?

"அது போயி அரமணி ஆச்சுங்க ஐயா. ரெண்டு தபா கூப்ட்டாங்க. கலெக்டரும் எழுந்து போயிட்டாரு, இப்ப கிளார்க்குதான் வாங்கிப் பொட்டில போடறாரு."

உங்களுக்குக் கேட்டதா அம்மா? கேட்டால் ஏன் சொல்லவில்லை?

"அவரும் எழுந்து எழுந்து பார்த்தாருங்க. நீங்க பேசிகினு இருந்தீங்களே ஐயா."

சார், அப்படிப் பார்க்காதீர்கள். உட்காருங்கள். அடுத்த திங்கட்கிழமை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அதற்குள் உங்கள் மனுவை நானே எழுதித் தருகிறேன். சுருக்கமாகவே. அந்தத் தாளைக் கொடுங்கள் பார்ப்போம். இது என்ன, கீழே சிவப்பு மையில்? கடைசி நாள்... கண்ணாடி எங்கே வைத்தேன்... இன்றைக்கா?